குழந்தை கோவையில், தாய் கோபியில்: தீவிர சிகிச்சையில் இருக்கும் பச்சிளம் குழந்தையின் வீட்டாரை எப்படித் தாங்குவது?

கேள்வியின் சாரம் இது. தங்கைக்கு 32-வது வாரத்தில் ரத்த அழுத்தம் ஏறி, கோபிசெட்டிபாளையத்தில் சிசேரியன் ஆகியிருக்கிறது. குழந்தை 1,350 கிராம். மூச்சுத் திணறல் இருந்ததால் அன்று இரவே 108 வண்டியில் கோவைக்கு அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை குழந்தையோடு போனார், தங்கை கோபியிலேயே இருக்கிறார். இன்று நான்காம் நாள். அவர் அழுவதில்லை, பேசுவதில்லை. பால் பீய்ச்சச் சொன்னால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். வீட்டுப் பெரியவர்கள் “எட்டாம் மாசத்துப் புள்ள தங்காது” என்கிறார்கள். அண்ணனாக நான் என்ன செய்வது, கவுன்சிலிங் எங்கே கிடைக்கும்?

கவுன்சிலிங் பற்றிப் பின்னால் வருகிறேன். அதற்கு முன் செய்ய வேண்டியது தங்கையைக் கோவைக்குக் கொண்டுபோய்க் குழந்தையின் பக்கத்தில் சேர்ப்பது. இந்த நிலையில் இருக்கும் தாயின் மனதுக்கு ஆறுதல் வார்த்தையைவிடக் குழந்தையைத் தொடுவது அதிகம் செய்யும். நம் பக்கத்தில் இந்தப் பிரிவு அடிக்கடி நடக்கிறது. தாராபுரத்திலோ சத்தியமங்கலத்திலோ அந்தியூரிலோ பிரசவம் ஆகும். குழந்தை கோவைக்கோ பெருந்துறைக்கோ போகும். தாய் தையலோடு பழைய ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பார். பக்கத்துக் கட்டில்களில் எல்லாம் குழந்தை அழும் சத்தம், இவர் மடி மட்டும் காலி. அந்த நிலையில் யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது.

நாளைக் காலை ரவுண்ட்ஸ் வரும்போது டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: “கொழந்த இருக்கற ஆஸ்பத்திரிக்கே இவங்களையும் பேஷண்ட்டா மாத்தி அனுப்ப முடியுங்களா?” குழந்தை இருப்பது கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல மகப்பேறு பிரிவும் உள்ள இடம் என்றால், தாயை அங்கேயே பிரசவத்துக்குப் பிந்தைய வார்டில் சேர்க்கக் கேட்கலாம். குழந்தைகளுக்கு மட்டுமான தனியார் ஆஸ்பத்திரி என்றால் தாய்க்குக் கட்டில் இருக்காது. நடந்து போகும் தூரத்தில் ஒரு அறை எடுங்கள். சொந்தக்காரர் வீடு பத்து கிலோமீட்டரில் இருக்கிறது என்று அங்கே தங்கவைத்தால் ஒரு நாளில் ஒரு தடவைதான் குழந்தையைப் பார்க்க முடியும். அது போதாது.

ஒரு எச்சரிக்கை. கர்ப்பகால ரத்த அழுத்தம் பிரசவத்தோடு போய்விடாது. பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரையில்தான் அது திரும்ப உச்சத்துக்கு ஏறும். அதனால் டிஸ்சார்ஜ் அட்டையில் அழுத்த மாத்திரையின் பெயரும் அளவும் தெளிவாக இருக்க வேண்டும். கோவையிலும் அழுத்தத்தைத் தினமும் பார்க்க வேண்டும். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, இந்த மூன்றில் எது வந்தாலும் உடனே மகப்பேறு டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தையைப் பற்றிய பதற்றத்தில் தாயும் ஒரு நோயாளி என்பதை வீடே மறந்துவிடுகிறது. தாய் இப்படிப் பேச்சில்லாமல் கிடப்பதற்கு மனம் மட்டும் காரணமாக இருக்காது. ரத்தம் குறைந்திருக்கலாம், வலிப்பு வராமல் தடுக்கப் போட்ட மருந்தின் மயக்கம் முதல் ஓரிரு நாள் இருந்திருக்கலாம், சரியான தூக்கம் இருந்திருக்காது. ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் போய்ச் சேரும் வரை மாப்பிள்ளை கோவையிலிருந்து வீடியோ அனுப்பட்டும். அதை எடுக்கும் விதத்தில் விஷயம் இருக்கிறது. முதலில் முகம், பிறகு கை, கால் விரல், அதன் பிறகு குழாய்கள். குழாய்களை எடுக்கும்போது மாப்பிள்ளையின் குரலில் விளக்கம் வர வேண்டும்: “மூக்குல இருக்கறது காத்து அழுத்தம் குடுக்கற சி-பேப். வாயில போறது பால் குழாய். கால்ல செவப்பா எரியறது ஆக்ஸிஜன் பாக்கறது, அது வலிக்காது.” விளக்கம் இல்லாத வீடியோவை அனுப்பினால் தாயின் கண்ணில் குழாய்கள் மட்டும்தான் நிற்கும். வார்டில் வீடியோ எடுக்க அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துக் குழந்தைகள் படத்தில் விழக் கூடாது. இரண்டு சின்னப் பருத்தித் துணிகளும் வேண்டும். ஒன்று தாயின் நெஞ்சோடு ஒரு இரவு இருக்கட்டும். சிஸ்டர் அனுமதித்தால் அது குழந்தையின் தலைப்பக்கம் போகும். குழந்தையின் பக்கத்தில் இருந்த மற்றொன்று தாயிடம் வரும். பேசாமல் கிடக்கும் தாய்மார் பலருக்கு அந்தத் துணி கைக்கு வந்த பிறகுதான் முதல் அழுகை வரும். அழுதால் தடுக்காதீர்கள்.

இனி, அவர் ஏன் திரும்பிப் படுத்துக்கொள்கிறார் என்பது. “கல்நெஞ்சு”, “பெத்த பாசமே இல்ல” என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு உணர்ச்சி மரத்துப் போவது வழக்கம். இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் குழந்தையோடு ஒட்டாமல் தன்னைக் காத்துக்கொள்வதும் உண்டு. பால் பீய்ச்சுவது என்பது அந்தக் குழந்தையை நம்புவது. அதற்கு இன்னும் தைரியம் வரவில்லை. “நீ பால் குடுக்கலைன்னா கொழந்த பொழைக்காது” என்று மிரட்டினால் குற்ற உணர்ச்சிதான் கூடும், பால் கூடாது. பயத்தில், பாலை இறக்கும் ஹார்மோனான ஆக்ஸிடோசினின் சுரப்பு தடைப்பட்டு, இருக்கும் பாலும் இறங்காது. அதற்குப் பதிலாக, “ரெண்டு மூணு சொட்டு வந்தாலும் போதும் கண்ணு, பஞ்சுல தொட்டு பாப்பா வாயில வெப்பாங்களாம்” என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. இந்த எடைக் குழந்தைக்கு முதல் நாட்களில் ஒரு வேளைக்குக் கொடுப்பதே இரண்டு, மூன்று மில்லிதான்.

பால் வற்றிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் எத்தனை தடவை பீய்ச்சினார் என்று எண்ணுங்கள். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை வேண்டும். அதில் இரவில் ஒன்றாவது இருக்க வேண்டும். பெரும்பாலும் பால் குறைவதன் காரணம் மூன்று, நான்கு தடவையோடு நிறுத்திவிடுவதுதான். பீய்ச்சிய பாலை ஆஸ்பத்திரி கொடுக்கும் சுத்தமான டப்பாவில் ஊற்றி, பெயர், தேதி, நேரம் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் 24 மணி நேரம் கொடுக்கலாம். வெளியே வைத்தால் 4 மணி நேரம்தான். கோபியிலிருந்து கோவைக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர். ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாம், ஆனால் குழந்தையின் வார்டு வாங்கிக்கொள்ளுமா என்று முதலில் கேளுங்கள். பால் வராத பட்சத்தில் கோவை அரசு மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. வங்கிப் பால் வாங்குவது தாயின் தோல்வி என்று யாரும் பேச வேண்டாம். எத்தனை மில்லி என்று உரக்கப் படித்துச் சொல்லும் பழக்கத்தையும் விடுங்கள். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைப்பது தவறு. செலவு ரசமும் பூண்டுக் குழம்பும் தாராளமாகக் கொடுங்கள், கூடவே தாகத்துக்குத் தண்ணீர், மூன்று வேளை முழுச் சாப்பாடு.

எட்டாம் மாதப் பேச்சுக்கு வருவோம். ஏழாம் மாதக் குழந்தை தங்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்ற நம்பிக்கை கொங்கு நாட்டில் மட்டும் இல்லை, பழைய கிரேக்க மருத்துவத்திலும் இருந்தது. இரண்டு இடத்திலும் தவறுதான். கருவில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலையும் மூளையையும் முதிரச் செய்கிறது. 32 வாரக் குழந்தையின் நிலை 28 வாரக் குழந்தையைவிட நிச்சயம் மேல். முறையான சிகிச்சை கிடைத்தால் 32 வாரக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்து வளர்கிறார்கள். இதைப் பெரியவர்களிடம் நீங்கள் வாதாடிச் சொல்ல வேண்டாம். டாக்டரைப் பார்க்கும்போது ஆத்தாவையோ அப்பாருவையோ ஒரு முறை கூட்டிப்போய், டாக்டர் வாயாலேயே சொல்லக் கேட்க வையுங்கள். அதுவரை அந்தப் பேச்சு தங்கையின் அறைக்குள் வரக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள்.

குற்ற உணர்ச்சி இதைவிட ஆழமானது. அவர் வாய் திறக்கும்போது பெரும்பாலும் இப்படித்தான் வரும்: கடைசி மாதம் வரை தறிக்குப் போனதாலா, பஸ்ஸில் போய்வந்ததாலா, பப்பாளி தின்றதாலா, கிரகணத்தன்று வெளியே வந்ததாலா. “அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடு” என்று ஒரே வரியில் மூடிவிடாதீர்கள். மகப்பேறு டாக்டரிடம் காரணத்தைக் குறிப்பாகச் சொல்லச் சொல்லுங்கள்: நஞ்சுக்கொடி சார்ந்த ரத்த அழுத்த நோய் இது, அவர் செய்த எதனாலும் வந்ததல்ல, தாயையும் குழந்தையையும் காப்பாற்றத்தான் முன்கூட்டியே எடுத்தோம் என்று. தாய் கேட்கும்படி, கணவரும் மாமியாரும் பக்கத்தில் இருக்கும்போது சொன்னால் நல்லது. மாமியார் காதில் விழுவது பிற்பாடு வீட்டில் பல வருடத்துக்கு உதவும்.

கோவை போனதும் கேட்க வேண்டியது கங்காரு பராமரிப்பு, அதாவது குழந்தையைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்திருப்பது. ஆஸ்பத்திரியில் கே.எம்.சி. என்பார்கள். 1978-ல் கொலம்பியாவின் பொகோடா நகரில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கிய முறை இது. ஒரு கிலோ முதல் 1.799 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே, நிலை சீராகும் வரை காத்திராமல், தாயின் நெஞ்சில் வைத்த ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த அந்த ஆய்வில், முதல் மாத இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் பிறந்தவுடனேயே தொடங்கி நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யப் பரிந்துரைத்தது. உங்கள் தங்கையின் குழந்தை சரியாக அந்த எடைக்குள் வருகிறது. மனநலம் பற்றிய பதிலில் இதை இவ்வளவு விரித்துச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. குழந்தையைத் தோலோடு தோலாக வைத்திருக்கும் தாய்மாரிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைகின்றன. பார்வையாளராக வாசலில் நின்றவர் சிகிச்சை செய்பவராக மாறுகிறார். அந்த மாற்றத்துக்கு ஈடான கவுன்சிலிங் கிடையாது.

செய்முறை சுருக்கமாக. தாய் முதலில் சாப்பிட்டு, சிறுநீர் கழித்து, கையை நன்றாகக் கழுவி வர வேண்டும். முன்பக்கம் திறக்கும் நைட்டி போதும். அறுவைசிகிச்சைத் தையல் இருப்பதால் சாய்வு நாற்காலியிலோ, தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலிலோ பாதி சாய்ந்து உட்கார வேண்டும். குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், நாப்கின் மட்டும். இரண்டு மார்புக்கு நடுவே நிமிர்த்தி வைத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மூச்சு அடையாதபடி தாடையைச் சற்று நிமிர்த்தி, கைகால் தவளை போல மடங்கியிருக்கும்படி துணியால் அணைத்துக் கட்டுவார்கள். ஒருமுறை எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். அடிக்கடி எடுத்து வைப்பதுதான் குழந்தையை அலுக்க வைக்கும். சி-பேப், சலைன் குழாய் இருந்தாலும் நிலை அனுமதித்தால் செய்யலாம். முடிவு டாக்டருடையது. தாய்க்கு முடியாத நேரத்தில் அப்பா செய்யலாம், அம்மிச்சி செய்யலாம். வீட்டில் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைவிட, முறை போட்டு இதைச் செய்வது பெரியவர்களின் மனதுக்கும் மருந்து.

“இன்னும் வெளிய எடுக்கக் கூடாது” என்று சொன்னால், தொடுவதற்காவது கேளுங்கள். குறைமாதக் குழந்தைக்குத் தடவிக்கொடுப்பது பிடிக்காது. அதன் தோலும் நரம்பும் அதைத் தாங்காது. ஒரு கையைத் தலையிலும் ஒரு கையைப் பாதத்திலும் வைத்து அசையாமல் சில நிமிடம் பிடித்திருப்பதுதான் முறை. மெல்லிய குரலில் பேசலாம், தாலாட்டலாம். தொட்டவுடன் மானிட்டர் சத்தம் போட்டால் தாய் கையை இழுத்துக்கொண்டு, பிறகு தொடவே பயப்படுவார். பல நேரம் கால் அசைந்து சென்சார் விலகியதால்தான் அந்தச் சத்தம். சிஸ்டரிடம் முன்பே கேட்டு, “சத்தம் கேட்டா கொழந்த நெறத்தப் பாருங்க, என்னயக் கூப்புடுங்க” என்ற ஒரு வரியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லை என்று வாசலிலேயே நிறுத்தினால், பெற்றோரைப் பயிற்சி கொடுத்து உள்ளே சேர்த்துக்கொள்ளும் முறைக்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2017-லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது என்பதைப் பணிவாக நினைவுபடுத்தலாம். சண்டை வேண்டாம். சிஸ்டர்களோடு சுமுகமாக இருப்பது இந்த வாரங்களில் பெரிய சொத்து.

டாக்டரிடம் பேசுவதற்கு ஒருவரை நியமியுங்கள், மாப்பிள்ளையோ நீங்களோ. ஆனால் தகவல் தாய்க்கும் அதே நாளில் போக வேண்டும். ஐந்து பேர் ஐந்து டாக்டரிடம் கேட்டு ஐந்து விதமாகச் சொல்லும்போதுதான் வீடு உடைகிறது. ஒரு நோட்டு வாங்கி, தினமும் இந்த நான்கை மட்டும் எழுதுங்கள்: எடை, ஒரு வேளைப் பால் அளவு, மூச்சுக்கு என்ன உதவி, மூச்சு நின்று எழுப்ப வேண்டியிருந்ததா. பிறகு மூன்று கேள்வி. நேற்றைவிட மேலா, அதே நிலையா, குறைந்திருக்கிறதா? அடுத்த 24 மணி நேரத்தில் எதைக் கவனிக்கிறீர்கள்? இன்று நாங்கள் என்ன செய்யலாம்? “பொழைச்சுக்குமா?” என்ற கேள்விக்கு முதல் நாட்களில் யாரும் நேர்ப் பதில் தர மாட்டார்கள். மூச்சுச் சிக்கலும் மூளையில் ரத்தக்கசிவும் பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்தில்தான் வெளிப்படும் என்பதால் அவர்கள் தயங்குகிறார்கள். உங்கள் குழந்தை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. அதைத் தங்கையிடம் சொல்லலாம்.

எடை குறையும், அதற்குத் தயாராக இருங்கள். முதல் வாரத்தில் பிறந்த எடையில் பத்து சதவீதம், சில நேரம் அதற்கு மேலும் இறங்கி, இரண்டு வார அளவில் பழைய எடைக்கு வரும். 1,350 கிராம் 1,220 ஆனது என்று கேட்டதும் வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது. இன்னொரு முக்கியமான இடம் இரண்டாம் வாரம். குழந்தை தேறி, சி-பேப் கழற்றி, எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்ன பிறகு திடீரென்று நோய்த்தொற்று என்றோ, பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பிவிட்டது என்றோ பாலை நிறுத்துவார்கள். முதல் நாள் அதிர்ச்சியைத் தாங்கியவர்கள் இதில்தான் நொறுங்குகிறார்கள், ஏனென்றால் ஆபத்து முடிந்தது என்று மனதை இறக்கி வைத்திருப்பார்கள். குறைமாதக் குழந்தையின் பாதை ஏறி இறங்கித்தான் போகும் என்று இப்போதே, நிலை நன்றாக இருக்கும்போதே, தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.

தாயிடம் மறைப்பது நம் வழக்கம். “அவகிட்டச் சொல்லாதீங்க, பால் நின்னு போயிரும்” என்பார்கள். முகத்தைப் பார்த்தே அவர் கண்டுபிடித்துவிடுவார். பிறகு நல்ல செய்தியையும் நம்ப மாட்டார். உண்மையைச் சிறிய அளவில், உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்: “இன்னிக்குக் கிருமி இருக்குதோன்னு சந்தேகப்படறாங்க. ரத்தம் எடுத்துருக்காங்க. மருந்து ஆரம்பிச்சாச்சு. நாளைக்கு ரிசல்ட் வந்ததும் சேந்தே கேக்கலாம்.” பொய் இல்லை, பூசி மெழுகலும் இல்லை.

மாப்பிள்ளையை யாரும் கேட்பதில்லை. மருந்துக் கடை, ரத்த வங்கி, பணம் கட்டும் இடம், ஊர், தறி அல்லது கம்பெனி என்று ஓடிக்கொண்டே இருப்பார். ஆண் என்பதால் அழ இடமில்லை. தூங்காமல் ராத்திரியில் புளியம்பட்டி வழியாகவோ அவினாசி வழியாகவோ பைக்கில் வருவதுதான் எனக்கு முதல் கவலை. பைக்கை ஊரில் வைத்துவிட்டுப் பஸ்ஸில் போகச் சொல்லுங்கள். ஒன்று விட்டு ஒரு இரவாவது நீங்கள் ஆஸ்பத்திரியில் தங்கி, அவரை ஆறு மணி நேரம் தூங்க விடுங்கள். எரிச்சல், யாரோடும் சண்டை, குடி கூடுவது, குழந்தையைப் பார்க்க உள்ளே போகாமல் வேலையிலேயே ஒளிந்துகொள்வது, இவை ஆண்களிடம் மனச்சோர்வு வரும் வடிவங்கள். பையனை, மகளைத் தன் நெஞ்சில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்த அப்பா பெரும்பாலும் மாறிவிடுவார்.

பணம் பேசாமல் மனதைப் பேச முடியாது. நகை அடகு, கந்துவட்டி என்று கடன் ஏறும்போது, ஒரு கட்டத்தில் “எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போயிரலாம்” என்ற பேச்சு வரும். பெண் குழந்தை என்றால் அது சீக்கிரமே வரும், இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. தனியாரில் தாங்க முடியாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைப் பிரிவுக்கு மாற்றக் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கான சிகிச்சை 2011 முதல் இலவசம், பிற்பாடு ஒரு வயது வரை நீட்டித்திருக்கிறார்கள். தனியாரில் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு அங்கே செல்லுமா என்று காப்பீட்டுக் கவுண்டரில் முதல் நாளே கேளுங்கள், எண் 1800 425 3993. தங்கையோ, திருப்பூர் கம்பெனியில் வேலை செய்யும் வேறு எந்தத் தாயோ இ.எஸ்.ஐ.யில் இருந்தால், 26 வார மகப்பேறு விடுப்போடு குறைப்பிரசவத்தால் வரும் உடல்நலக் குறைவுக்கு மேலும் ஒரு மாதம் வாங்க வழி இருக்கிறது. டாக்டர் சான்று வேண்டும்.

பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கு ஒரே வாட்ஸப் செய்தி தினமும் மாலையில் போகட்டும். எவ்வளவு செலவு, யார் ஜாடை, எத்தனை மாதம் என்ற விசாரணைகளைத் தங்கை வரை விடாதீர்கள். வருகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்குவதற்குப் பதில் ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுவரலாம். பாரியூர் அம்மனுக்கோ பண்ணாரிக்கோ நேர்ந்துகொள்வதில் எந்தத் தடையும் இல்லை, அது பெரியவர்களைத் தாங்கும். திருநீறை மட்டும் குழந்தைப் பெட்டிக்குள் போடாமல் தாயின் பையில் வையுங்கள். நாக்கில் சேனை வைப்பது, வசம்பு, சாம்பிராணி எதுவும் கூடாது. தீட்டுக் கணக்குப் பார்த்து முப்பது நாள் தாயை வீட்டில் உட்கார வைப்பதும் கூடாது. வீட்டில் மூத்த குழந்தை இருந்தால் அதனிடமும் “பாப்பா சின்னதாப் பொறந்துருச்சு, டாக்டர் பாத்துக்கறாரு, உன்னால ஒண்ணும் ஆகல” என்று சொல்லுங்கள்.

இப்போது, எப்போது மனநல டாக்டர் வேண்டும் என்பது. பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம், நான்காம் நாளில் காரணமின்றி அழுவது, எரிச்சல், எல்லாம் இரண்டு வாரத்துக்குள் தானாகக் குறையும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் சோகம், எதிலும் பிடிப்பின்மை, தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராமை, பசியின்மை, “நான் இருந்து என்ன பிரயோஜனம்” என்ற பேச்சு நீடித்தால் அது மனச்சோர்வு நோய். குழந்தையைப் பிரிந்திருக்கும் தாய்க்கு இது சாதாரணப் பிரசவத்தைவிட அதிகமாக வரும். 1987-ல் உருவான எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்வித் தாள் இதற்காகவே இருக்கிறது, தமிழிலும் உண்டு. மொத்தம் 30 மதிப்பெண். கூடுதலாக வந்தால் நோய் என்று முடிவல்ல, டாக்டர் பார்க்க வேண்டும் என்று பொருள். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு “ஒருபோதும் இல்லை” தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அப்படி ஒரு எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பதால் அது புதிதாக உண்டாகிவிடாது. பயப்படாமல் கேளுங்கள்.

வேறொரு வகை அவசரம் உண்டு. ஓரிரு நாள் துளியும் தூங்காமல் உற்சாகமாக ஓயாமல் பேசுவது, இல்லாத குரல் கேட்பது, குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்று உறுதியாக நம்புவது, உணவில் விஷம் என்பது. இது பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு. ஆயிரத்தில் ஒன்று, இரண்டு பேருக்குத்தான் வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில். மந்திரிக்கக் கூட்டிப்போய் ஒரு நாளும் வீணாக்காதீர்கள். தனியாக விடாமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். சிகிச்சையில் நன்றாகக் குணமாகும்.

உதவி எங்கே என்றால், அரசின் மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-லும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கோபி ஆஸ்பத்திரியிலேயே கேட்கலாம். மாத்திரை சாப்பிட்டால் பால் கொடுக்கக் கூடாது என்பது பொதுவாகச் சரியல்ல. செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. குழந்தை குறைமாதம், எடை இவ்வளவு என்பதை மனநல டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவர் குழந்தை டாக்டரோடு பேசி முடிவு செய்வார்.

இதைப் படிக்கும் வேறு சில வீடுகளில் குழந்தை தேறாமல் போகலாம். அவர்களுக்காக: தாய் பார்ப்பதற்கு முன் அடக்கம் செய்துவிடாதீர்கள். “பாத்தா தாங்க மாட்டா” என்று ஆண்கள் மட்டும் போய் முடித்துவிடுவது பல வருடத்துக்கு ஆறாத புண்ணாகிறது. பார்க்க வேண்டுமா, கையில் வாங்க வேண்டுமா என்று தாயைக் கேளுங்கள். அவர் வரும் வரை சில மணி நேரம் வைத்திருக்க ஆஸ்பத்திரியைக் கேட்கலாம். பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். ஒரு படம் எடுத்து வையுங்கள், இப்போது பார்க்காவிட்டாலும் பிறகு கேட்பார். அதன் பிறகும் பால் கட்டும் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லி, அதை நிறுத்தும் வழியை டாக்டரிடம் கேளுங்கள். “இன்னொண்ணு பெத்துக்கலாம்” என்று யாரும் சொல்ல வேண்டாம்.

உங்கள் வீட்டில் குழந்தை திரும்பி வரும் என்றே கணக்கு வையுங்கள். எடை பொதுவாக 1.6, 1.8 கிலோவை ஒட்டி, சூடு தானாக நின்று, வாயால் பால் குடித்து, எடை தொடர்ந்து ஏறினால் அனுப்புவார்கள். இது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். வீட்டுக்குப் போகும் நாள் சந்தோஷமாக இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள், தாய்க்கு அன்றுதான் பயம் கூடும். மானிட்டர் இல்லாமல் குழந்தை மூச்சு விடுகிறதா என்று ராத்திரி முழுவதும் விழித்திருப்பார். அதனால் கடைசி இரண்டு, மூன்று நாள் தாயும் குழந்தையும் ஒரே அறையில் ஆஸ்பத்திரியிலேயே இருக்கக் கேளுங்கள். பாலாடையில் பால் கொடுப்பது, வயிற்றையும் பாதத்தையும் தொட்டுச் சூடு பார்ப்பது, எந்த அறிகுறிக்கு ஓடிவர வேண்டும் என்பது, மூன்றையும் தாயே செய்து காட்டிய பிறகு கிளம்புங்கள். பெரியவர் விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியை வாங்காதீர்கள். அது பச்சிளம் குழந்தையில் சரியாகக் காட்டாது, பயத்தைத்தான் வளர்க்கும். வீடு திரும்ப அரசின் 102 வண்டி இலவசம்.

வீட்டில் மூன்று விஷயம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். பார்க்கும்போது கண்ணை விரித்துப் பிடிப்பதால் குழந்தை கத்தும். தாய்க்கு முன்பே சொல்லிவிட்டு, வேண்டுமானால் வெளியே உட்கார வையுங்கள். இரண்டாவது, வளர்ச்சியைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். எட்டு வாரம் முன்னால் பிறந்ததால், முகம் பார்த்துச் சிரிப்பது மூன்றரை, நான்கு மாதத்தில்தான் வரலாம். “மூணு மாசமாச்சு, இன்னும் சிரிக்கல” என்று அம்மிச்சி சொல்லும்போது இந்தக் கணக்கை எடுத்துச் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருங்கள். மூன்றாவது, ஒரு மாதம் தாண்டிய பிறகும் தாய்க்கு ஆஸ்பத்திரிக் கனவு, எந்த பீப் சத்தம் கேட்டாலும் உடல் நடுக்கம், பரிசோதனைக்குப் போகவே மறுப்பது என்று இருந்தால், அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல். அதற்கென்று தனிப் பேச்சுச் சிகிச்சை இருக்கிறது. தடுப்பூசி மட்டும் பிறந்த தேதிக் கணக்கில்தான்: 6, 10, 14 வாரம். அந்த மூன்று நாளிலும் குழந்தைக்கு ஊசி போட்டு முடிந்ததும், கிராம சுகாதாரச் செவிலியரிடமோ டாக்டரிடமோ தாய்க்கும் அந்தப் பத்துக் கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்.